ப்ரோப்ஸ்ட்ஸெல்லா: இன்ஜின் மாற்றும் ஊர்

1970களின் ஏதோ ஒரு ராத்திரி. மூனிக்கிலிருந்து பெர்லினுக்குப் போகிற ரயில். லுட்விக்ஸ்டாட் என்ற சின்ன பவேரிய ஊரைத் தாண்டி, ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து இறங்குகிறது. பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் ஜன்னலுக்கு வெளியே வேலி, வெளிச்சம் போட்ட வெற்று நிலம், காவல் கோபுரம். ரயில் மெதுவாகி ஒரு ஸ்டேஷனில் நிற்கிறது. பலகையில் நாக்கு சுளுக்கும் ஒரு பெயர்: ப்ரோப்ஸ்ட்ஸெல்லா. யாரும் இறங்கவில்லை, ஏறுகிறவர்களோ எல்லாரும் சீருடைக்காரர்கள். முன்னால் மின்சார இன்ஜினைக் கழற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டீசல் இன்ஜின் வந்து இடித்து இணைகிற அதிர்வு கடைசிப் பெட்டி வரைக்கும் தெரியும்.

அந்த இடியைத் தாண்டினால் நாடு வேறு, பணம் வேறு, ரயில்வே நிர்வாகமும் வேறு. ஆனால் இரண்டு பக்கமும் பேசுவது ஜெர்மன்தான். இரண்டு பக்க மலைகளின் கூரைகளிலும் ஒரே கறுப்பு ஸ்லேட் கல்தான்.

இந்த ஊரில் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தூரிங்கியா மாநிலத்தின் தெற்கு ஓரம், லோக்விட்ஸ் என்ற சின்ன ஆற்றின் கரை. உலக வரலாற்றில் இடம்பிடிக்கிற ஊர் இல்லை. ஆனால் ஜெர்மனியின் நூறு ஆண்டுக் கதையை ஒரே ஒரு பிளாட்பாரத்தில் நின்று சொல்ல வேண்டும் என்றால் நான் பெர்லினுக்குப் போகமாட்டேன், இங்கேதான் வருவேன்.

*

எல்லை என்றதும் 1945, சுவர், முள்வேலி என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். ப்ரோப்ஸ்ட்ஸெல்லாவின் எல்லை அதைவிட ரொம்பப் பழசு. இந்த ஊர் இருந்தது ஸாக்ஸ்-மைனிங்கன் என்ற குட்டி டியூக் ராஜ்ஜியத்தில். பக்கத்து லுட்விக்ஸ்டாட் பவேரிய மன்னருடையது. 1871இல் ஜெர்மனி ஒரே பேரரசாக ஆனபோதும் ரயில்வே ஒன்றாகவில்லை. பவேரியாவுக்கு ஒரு ரயில்வே, புருஷியாவுக்கு ஒரு ரயில்வே, இன்னும் பல ராஜ்ஜியங்களுக்கு அவரவர் ரயில்வே.

தெற்கிலிருந்து பவேரியப் பாதை 1863இல் ஸ்டாக்ஹைம் வரைக்கும் வந்து நின்றது. அங்கே நிலக்கரி இருந்தது, அதற்காகத்தான் வந்தது. வடக்கிலிருந்து ஒரு பாதை 1871இல் ஸால்ஃபெல்டைத் தாண்டி ஐஷிக்ட் வரைக்கும் வந்து நின்றது. நடுவில் ஃப்ராங்கன்வால்ட் மலை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே பதினாலு வருஷம் ஓடியது. மலையைக் கடக்கிற பாதை 1885இல்தான் திறந்தது. அப்போதுதான் ப்ரோப்ஸ்ட்ஸெல்லாவுக்கு ஸ்டேஷன் கிடைத்தது.

ஊரின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய கட்டடம் அது. காரணம், இரண்டு ரயில்வேக்களும் சந்தித்துக் கைமாற்றிக்கொள்கிற இடம் இது. அதாவது ஊர் பிறந்ததிலிருந்தே, ரயில்வே கணக்கில், வண்டியை நிறுத்தி இன்ஜின் மாற்றுகிற ஊர். பின்னால் வந்த கம்யூனிஸ்ட் அரசு இங்கே எல்லைச் சோதனையை வைத்தபோது அது புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரயில் எப்படியும் நிற்கிற இடத்தில் தன் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தியது, அவ்வளவுதான்.

இன்ஜின் மாற்றத்துக்கு இன்னொரு காரணம் மலை. தெற்கே ஷ்டைன்பாஹ் என்ற இடத்தில் பாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 595 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. ரைன் ஆற்றுக்குப் போகிற நீரும் எல்பே ஆற்றுக்குப் போகிற நீரும் பிரிகிற முகடு அது. ஏற்றம் சில இடங்களில் நாற்பது மீட்டருக்கு ஒரு மீட்டர், அதற்கும் மேலே. ரயில்காரர்களுக்கு இது செங்குத்து. காரில் போனால் இது ஒரு ஏற்றம் என்றே நமக்குத் தோன்றாது. ஆனால் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் இல்லாமல் வழுக்கும், அதுவும் மழைக்காலத்தில், இலை உதிர்கிற காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் கனமான சரக்கு ரயில் வந்தால் பின்னாலிருந்து தள்ள இன்னொரு இன்ஜின் வேண்டும்.

அந்தத் தள்ளுகிற வேலைக்கென்றே பேர்போனது 95 வரிசை நீராவி இன்ஜின். 1922 முதல் கட்டப்பட்டது, மொத்தமே 45தான். ஐந்து ஜோடி ஓட்டுச் சக்கரம், கூடவே தண்ணீரையும் கரியையும் தன் உடம்பிலேயே சுமக்கும் கனத்த பிராணி. 'மலை ராணி' என்று பட்டப்பெயர். தெற்குச் சரிவில் ப்ரெஸ்ஸிக்-ரோட்டன்கிர்ஷன், வடக்குச் சரிவில் ப்ரோப்ஸ்ட்ஸெல்லா என்று மலையின் இரண்டு அடிவாரத்திலும் ராணிகள் இருந்தன. போர் முடிந்து நாடு பிரிந்தபோது இந்த 45ஐயும் பிரித்தார்கள்: மேற்கில் 14, கிழக்கில் 31. மேற்கில் இருந்தவை 1958க்குள் ஓய்வு பெற்றன. கிழக்கில் இருந்தவை எண்ணெய் எரிக்கிற மாதிரி மாற்றப்பட்டு, 1980களின் தொடக்கம் வரைக்கும் ப்ரோப்ஸ்ட்ஸெல்லாவிலிருந்து லவுஷா, ஸோன்னெபெர்க் என்று மலைக் கிளைப்பாதையில் மூச்சுவாங்கிக்கொண்டு ஓடின. லவுஷா என்றால் கண்ணாடி. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குகிற கண்ணாடி உருண்டைகளுக்குப் பேர்போன ஊர். ஸோன்னெபெர்க் என்றால் பொம்மை. ஏழை நாடு பழசை வைத்து ஓட்டியது என்று சொல்லலாம். மேற்கு ஜெர்மன் ரயில் ரசிகர்கள் அந்தப் பழசைப் பார்க்கக் கேமராவோடு ஏங்கியதும் அதே காரணத்தால்தான்.

*

இந்த ஊரில் மின்சாரத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. அது ஒரு மனிதரோடு ஆரம்பிக்கிறது. ஃப்ரான்ஸ் இட்டிங்.

இட்டிங் மின்சார நிலைய முதலாளி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைக் கிராமங்களுக்குக் கரண்ட் கொண்டுவந்தவர். அதே சமயம் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். முதலாளியாகவும் இடதுசாரியாகவும் ஒரே ஆள் இருந்தால் இரண்டு பக்கமும் சந்தேகப்படுவார்கள் இல்லையா, அப்படி அவருக்கு 'சிவப்பு இட்டிங்' என்று பெயர் வந்தது. சம்பாதித்த பணத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடம் எழுப்பினார். 'மக்கள் இல்லம்' என்று பெயர். ஓட்டல், பெரிய அரங்கம், சினிமா, நூலகம், பவுலிங் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழே. கட்டுமானம் பாதியில் இருக்கும்போது ஆல்ஃப்ரெட் ஆர்ண்ட் என்ற பௌஹவுஸ் இளைஞர் உள்ளே வந்து முழுத் தோற்றத்தையும் மாற்றினார். விளக்கு, நாற்காலி, சுவர் நிறம் எல்லாம் பௌஹவுஸ் கை. 1927 மே 1ஆம் தேதி திறப்பு. தேதியைக் கவனியுங்கள், தொழிலாளர் தினம்.

சில ஆயிரம் பேர் இருக்கிற மலையூரில் பௌஹவுஸ்! தூரிங்கியாவில் இருக்கிற பௌஹவுஸ் கட்டடங்களிலேயே பெரியது இதுதான் என்கிறார்கள். வைமாரும் அதே தூரிங்கியாவில்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். இட்டிங் ஏன் அதை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கட்டினார் என்பதும் புரிகிறது. அன்றைக்குப் பெர்லினுக்கும் மூனிக்குக்கும் நடுவில் இருந்த பிரதானப் பாதை இதுதான். நின்று இன்ஜின் மாற்றுகிற ரயிலில் இருப்பவன் ஜன்னல் வழியாக என்ன பார்ப்பான்? இதைப் பார்க்கட்டும்.

நாஜிகள் வந்தார்கள். இட்டிங்கைச் சிறையில் போட்டார்கள், வதைமுகாமுக்கும் அனுப்பினார்கள். போர் முடிந்தது. 1945 ஏப்ரலில் தூரிங்கியாவைப் பிடித்தது அமெரிக்கப் படை. ஆனால் நேச நாடுகள் முன்பே போட்டுவைத்த வரைபடத்தின்படி, ஜூலை தொடக்கத்தில் அதைச் சோவியத் படைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று மாசம் அமெரிக்கா, அதற்கப்புறம் ரஷ்யா. 1948இல் புதிய ஆட்சி இட்டிங்கின் சொத்தை எடுத்துக்கொண்டது. முதலாளி ஆயிற்றே! நாஜிகளுக்கு அவர் சிவப்பு, சிவப்பர்களுக்கு அவர் முதலாளி. அவர் எல்லை தாண்டி லுட்விக்ஸ்டாட்டுக்குப் போனார். பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். அங்கே திரும்பவும் என்ன ஆரம்பித்தார்? மின்சார நிறுவனம். 1967இல் அங்கேயே இறந்தார்.

இப்போது ரயிலின் மின்சாரத்துக்கு வருவோம். நூரெம்பெர்க்கிலிருந்து ஸால்ஃபெல்ட் வரைக்கும் மேலே கம்பி இழுத்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1939 மே மாதம். மூனிக்கிலிருந்து பெர்லின் வரைக்கும் மின்சாரத்திலேயே போய்விடலாம் என்பது அன்றைய கனவு. நாலு மாசத்தில் போர். ஏழு வருஷம் கழித்து, 1946இல், சோவியத் நிர்வாகம் தன் பகுதியில் இருந்த மின்மயமாக்கலை மொத்தமாகக் கழற்றிப் போர் இழப்பீடாகக் கிழக்கே அனுப்பியது. கம்பம், கம்பி, இன்ஜின் எல்லாம். அதோடு பல இரட்டைப் பாதைகளில் ஒரு தண்டவாளத்தையும் பிடுங்கினார்கள். ஜெர்மன் படை சோவியத் மண்ணில் எரித்துவிட்டு வந்த ரயில்வேயை நினைத்தால் இதற்கு நியாயம் இருந்தது. ஆனால் நியாயம் இருந்தாலும் ப்ரோப்ஸ்ட்ஸெல்லாவில் மறுநாள் காலை நீராவி இன்ஜினுக்குக் கரி அள்ள வேண்டியவன் அள்ளத்தான் வேண்டும்.

1950 வாக்கில், தெற்கிலிருந்து ப்ரோப்ஸ்ட்ஸெல்லா வரைக்கும் மட்டும் கம்பி திரும்ப வந்தது. அதாவது கிழக்கு ஜெர்மனியின் ஸ்டேஷனுக்குள் மேற்கு ஜெர்மனியின் மின்சார இன்ஜின் தன் கரண்ட்டோடு வந்து நிற்கும். வடக்கே ஒரு அடிகூடப் போகமுடியாது, கம்பி இல்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலே இப்படியே இருந்தது. எல்லையை அரசியல்வாதிகள் கோட்டால் வரைந்தார்கள், ரயில்காரன் அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்வான்: கம்பி முடிகிறதா, மேற்கு முடிகிறது. இட்டிங் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு இது எப்படித் தோன்றியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். அவரும் மேற்குக்குப் போனார், கரண்ட் மட்டும் அங்கிருந்து ஊருக்குள் வந்து போனது.

*

போருக்கு முன்னால் கிழக்கையும் மேற்கையும் பல பத்துப் பாதைகள் இணைத்தன. பிரிவினைக்குப் பிறகு பெரும்பாலானவை வெட்டப்பட்டன. பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. லெஹெஸ்டன் என்ற ஸ்லேட் சுரங்க ஊர் தூரிங்கியாவில் இருக்கிறது, ஆனால் அதற்குப் போன ரயில் பாதை பவேரியாவின் லுட்விக்ஸ்டாட்டிலிருந்து பிரிந்தது. எல்லை வந்ததும் அந்தப் பாதையின் கதை முடிந்தது. (அந்த லெஹெஸ்டன் குவாரியில்தான் போர்க்காலத்தில் வி-2 ராக்கெட்டின் இன்ஜின்களைச் சோதித்துப் பார்த்தார்கள். புஹன்வால்ட் வதைமுகாமின் கிளையாக 'லவுரா' என்று ஒரு முகாம், அதற்கு ஒரு பெண்ணின் பெயர் வேறு. நூற்றுக்கணக்கான கைதிகள் செத்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் எதைத் தோண்டினாலும் அடியில் இன்னொன்று இருக்கிறது.)

பயணிகள் ரயிலுக்கு மிஞ்சியது ஏழு வழி. வடக்கிலிருந்து தெற்காகச் சொன்னால் ஹெர்ன்புர்க், ஷ்வான்ஹைடே, ஓபிஸ்ஃபெல்டே, மரியன்போர்ன், கெர்ஸ்டுங்கன், ப்ரோப்ஸ்ட்ஸெல்லா, குட்டன்ஃபுர்ஸ்ட். ஏழுமே சின்ன ஊர்கள். சுமார் 1,400 கிலோமீட்டர் எல்லைக்கு ஏழு கதவு.

கதவு இருக்கிற ஊரில் வாழ்வது எப்படி இருக்கும்? 1952 மே 26ஆம் தேதி கிழக்கு ஜெர்மனி ஒரு ஆணை போட்டது. எல்லையை ஒட்டி பத்து மீட்டர் உழுத நிலம், யாரும் கால் வைக்கக்கூடாது. அப்புறம் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அப்புறம் ஐந்து கிலோமீட்டர் தடைப் பகுதி. ப்ரோப்ஸ்ட்ஸெல்லா அந்தத் தடைப் பகுதிக்குள். ஊர்க்காரர்களின் அடையாள அட்டையில் தனி முத்திரை. வெளியூரிலிருந்து அத்தை, மாமா வர வேண்டும் என்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு இத்தனை பேர் வரலாமா என்று போலீஸ் முடிவு செய்யும்.

அதற்கு அடுத்த வாரங்களில் எல்லை நெடுக 'நம்பிக்கைக்கு உரியவர்கள் இல்லை' என்று பட்டியல் போட்டு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு ஏற்றினார்கள். சில மணி நேர அவகாசம், சாமானை வண்டியில் போடு, கிளம்பு. மேற்கோடு தொடர்பு இருந்தவன், சர்ச்சுக்கு ஒழுங்காகப் போனவன், ஓட்டல் வைத்திருந்தவன், பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பிடிக்காதவன். அதிகாரி ஒருவர் கைப்பட எழுதிய குறிப்பில் அந்த நடவடிக்கைக்கு இருந்த பெயர் 'பூச்சி-புழு'. 1961இல் சுவர் கட்டிய பிறகு திரும்பவும் செய்தார்கள். அப்போது வட்டாரத்துக்கு ஒரு பெயர், அதில் ஒன்று ஒரு நீலப் பூவின் பெயர். முதல் தடவை புழு, இரண்டாம் தடவை பூ. அரசாங்கம் மொழியைக் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி வடிகட்டப்பட்ட ஊரின் நடுவில்தான் ஸ்டேஷன். தினமும் மூனிக், நூரெம்பெர்க் ஆட்கள் நிறைந்த ரயில் வந்து நிற்கிறது. ஊர்க்காரன் தன் உள்ளூர் ரயிலைப் பிடிக்க அதே ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் பிரித்து வைத்திருக்கிறார்கள். கையெட்டும் தூரத்தில் ஓடுகிற ரயில், அதில் ஏறுவதற்குத் தனக்கு வயதாக வேண்டும்.

வயதாக வேண்டும் என்று சொன்னது சும்மா இல்லை. 1964 நவம்பரிலிருந்து ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை மேற்கே உறவினரைப் பார்க்கப் போகலாம் என்று கிழக்கு ஜெர்மனி அனுமதித்தது. பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65. காரணம் அப்பட்டமானது: இவர்கள் திரும்பி வராவிட்டால் அரசுக்கு நஷ்டம் இல்லை, பென்ஷன் மிச்சம். அதனால் இந்த ரயில்களில் மேற்கே போகிற கிழக்கத்தியர்கள் பெரும்பாலும் வெள்ளை முடிக்காரர்கள். கையில் கொண்டுபோக மாற்றித் தருகிற பணம் கைச்செலவுக்குக்கூடக் காணாது, 1980களில் வருஷத்துக்குப் பதினைந்து மார்க். எழுபது வயதுப் பாட்டி தன் மகன் வீட்டில் போய் இறங்கும்போது காபி குடிக்கவும் மகன் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது பை நிறையக் காபித்தூளும் சாக்லேட்டும். அதையும் இங்கேதான் திறந்து காட்டணும்.

*

சோதனை எப்படி நடந்தது?

பாஸ்போர்ட் பார்க்கிறவர்கள் எல்லைப் படையின் சீருடை போட்டிருப்பார்கள். உண்மையில் அவர்கள் ஸ்டாஸியின் ஆட்கள்; உளவுத்துறையின் ஆறாம் முதன்மைப் பிரிவு. கழுத்திலிருந்து வயிற்றுக்கு முன்னால் ஒரு மடக்குப் பெட்டி தொங்கும். சினிமாக் கொட்டகையில் முறுக்கு விற்கிறவர் தட்டைத் தொங்கவிட்டிருப்பார் இல்லையா, அதே மாதிரி. திறந்தால் சின்ன மேஜை. முத்திரை, மை, படிவம் எல்லாம் அதற்குள். பெட்டி பெட்டியாக நடந்துகொண்டே ஆபீஸ் நடத்துவார்கள். போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், காது தெரிகிற மாதிரி முடியை ஒதுக்கச் சொல்வார்கள். அவர்களுக்குப் பின்னால் சுங்கத்துறை. மேற்கத்தியப் பத்திரிகை இருக்கிறதா, கிழக்கு மார்க்கை ஒளித்து எடுத்துப்போகிறாயா. வெளியே பெட்டிகளுக்கு அடியில் கண்ணாடியை உருட்டிப் பார்ப்பார்கள், நாய்களை விடுவார்கள்.

1972 ஜூனில் இரண்டு ஜெர்மனிகளுக்கும் நடுவில் போக்குவரத்து ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு மேற்கு பெர்லினுக்குப் போகிறவர்களுக்கு நிலைமை நிறைய இலகுவானது. வண்டியிலேயே விசா, கட்டணத்தை மேற்கு ஜெர்மன் அரசே மொத்தமாகக் கட்டிவிடும். கிழக்கு ஜெர்மனிக்குள்ளேயே உறவினரைப் பார்க்கப் போகிறவன்தான் பாவம். அவன் தினசரி இவ்வளவு மேற்கு மார்க் மாற்றியே ஆக வேண்டும். 1980இல் அதை நாளுக்கு 25 மார்க்காக உயர்த்தினார்கள். அத்தையைப் பார்க்கப் போனாலும் ஒரு ஓட்டல் வாடகை மாதிரி.

ரயில் தப்பித்து ஓடிவிடக்கூடாது என்பதற்கும் ஏற்பாடு உண்டு. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ரயிலும் தப்பித்திருக்கிறது. 1961 டிசம்பர் 5ஆம் தேதி ஹாரி டெடர்லிங் என்ற இன்ஜின் டிரைவர், சுவர் எழும்பி நாலு மாசத்தில், ஒரு பயணிகள் ரயிலை நிறுத்த வேண்டிய ஸ்டேஷனில் நிறுத்தாமல் முழு வேகத்தில் மேற்கு பெர்லினின் ஷ்பாண்டாவுக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவரோடு குடும்பமும் கூட்டாளிகளும், இருபதுக்கும் மேற்பட்டவர்கள். விஷயம் தெரியாமல் அதே ரயிலில் உட்கார்ந்திருந்த சிலர் நடந்தே திரும்பிப் போனார்கள். அதற்கப்புறம் அந்த இடத்தில் தண்டவாளத்தையே எடுத்துவிட்டார்கள். எல்லை ஸ்டேஷன்களிலோ தண்டவாளத்தை எடுக்க முடியாது. அதனால் பாயிண்டுகளைத் தள்ளிவைத்தார்கள்: அனுமதி இல்லாமல் கிளம்புகிற ரயில் பிரதான பாதைக்குப் போகாமல் முட்டுப் பாதைக்குள் போகும், இல்லையென்றால் தடம் புரளும். ரயில்வேயில் பாயிண்டுகளின் வேலை உயிரைக் காப்பது. அதே சாதனத்தைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சோதனைக்காரர்களைப் பற்றி ஜெர்மன்காரர்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு. ஸாக்ஸன் கொச்சையில் 'தயவுசெய்து முடியுமா' என்று கேட்டால் அது 'கென்ஸெஃப்லைஷ்' என்று காதில் விழும். அதற்கு அர்த்தம் வாத்துக்கறி. 'வாத்துக்கறி, டிக்கியைத் திறங்க' என்று காவலாளி கேட்பான். கார் வழி வருகிறவர்களின் ஜோக்தான் இது. ஆனால் ரயிலிலும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு சிரிப்பை அடக்கியவர்கள் இருந்திருப்பார்கள். பயம் இருக்கிற இடத்தில் ஜோக் இல்லாமல் எப்படி?

மேற்குப் பக்கம் என்ன செய்தார்கள்? லுட்விக்ஸ்டாட்டுக்கு மேலே மலையுச்சியில் 1963இல் ஒரு கோபுரம் கட்டினார்கள். 'தூரிங்கியக் காவல்கோபுரம்' என்று பெயர், ஆனால் அது பார்வை மேடைதான். பஸ்ஸில் வந்து, மேலே ஏறி, தூரிங்கியாவைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஒரு பக்கம் காவலுக்குக் கோபுரம், இன்னொரு பக்கம் வேடிக்கைக்குக் கோபுரம். கீழே இருந்த ஊர்க்காரர்கள் இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

*

1989 நவம்பர் 9ஆம் தேதி ராத்திரி பெர்லினில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்தடுத்த நாட்களில் ப்ரோப்ஸ்ட்ஸெல்லா வழியாக மேற்கே போன ரயில்களில் நிற்க இடமில்லை. இதுவரைக்கும் பாட்டிகள் போன ரயிலில் இப்போது பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இளம் குடும்பங்கள். லுட்விக்ஸ்டாட் மாதிரி ஒரு சின்ன ஊரில் வந்து இறங்கி, 'வரவேற்புப் பணம்' என்று மேற்கு ஜெர்மனி கொடுத்த 100 மார்க்கை வாங்க வரிசையில் நின்றார்கள். 1990 ஜூலை 1ஆம் தேதி இரண்டு நாட்டுக்கும் ஒரே பணம் வந்தது, அன்றோடு எல்லைச் சோதனையும் நின்றது. வயிற்றுப் பெட்டிகளை அன்றைக்கு எங்கே கழற்றிவைத்தார்களோ!

1995இல் வடக்கிலிருந்து கம்பி திரும்ப இழுத்துக்கொண்டு வந்து ப்ரோப்ஸ்ட்ஸெல்லாவில் சேர்த்தார்கள். 1946இல் பிடுங்கியதற்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். அதோடு இன்ஜின் மாற்றுகிற வேலையும் போனது. இதை யாரும் துக்கமாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் ஊருக்கு 110 வருஷமாக வேலை கொடுத்தது அந்த நிறுத்தம்தான். ஸோன்னெபெர்க் போகிற மலைப்பாதையும் 1990களிலேயே ஓய்ந்தது. லவுஷாவுக்குத் தெற்கிலிருந்து மட்டும் பிறகு ரயில் திரும்ப வந்தது, ப்ரோப்ஸ்ட்ஸெல்லா பக்கம் வரவில்லை.

2000லிருந்து ஐ.சி.இ. ரயில்கள் இந்த வழியாக ஓடின. வளைவில் சாய்ந்து திரும்புகிற ரகம், இந்த மாதிரி மலைப்பாதைக்கென்றே செய்தது. அச்சுகளில் வந்த பிரச்சினையால் 2008க்குப் பிறகு அந்தச் சாய்வை முடக்கிவிட்டார்கள், எல்லா ரயிலும் மாதிரி நேராகவே ஓடியது. ப்ரோப்ஸ்ட்ஸெல்லாவில் அவை நிற்கவில்லை. 2017 டிசம்பரில் எர்ஃபுர்ட் வழியாகப் புதிய அதிவேகப் பாதை திறந்தது; பெர்லினிலிருந்து மூனிக்குக்கு நாலு மணி நேரத்துக்குள். ஐ.சி.இ. அந்தப் பக்கம் போய்விட்டது. பிரிவினையே அழிக்காத பிரதானப் பாதை என்ற அந்தஸ்தை, ஒன்றிணைந்த நாடு போட்ட சுரங்கங்களும் பாலங்களும் எடுத்துக்கொண்டன. கணக்காகப் பார்த்தால் சரியான முடிவுதான். நானும் பெர்லினிலிருந்து மூனிக் போக வேண்டும் என்றால் நாலு மணி நேர ரயிலில்தான் ஏறுவேன்.

சோதனைக் கட்டடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1970களில் சோதனைக்கென்றே தனியாக ஒரு கட்டடம் கட்டியிருந்தார்கள். அழகு என்று எதுவும் இல்லாத பெட்டி. உள்ளே வழி, கவுண்ட்டர், கதவு. ஆளை எங்கே நிறுத்துவது, எங்கிருந்து பார்ப்பது என்று அளந்து செய்த இடம். எல்லை போன பிறகு காலியாகக் கிடந்தது. வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், இடிக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். 2008-09 குளிர்காலத்தில் இடித்தார்கள்.

இதில் நான் எந்தப் பக்கம் என்று ரொம்ப நாள் முடிவு செய்ய முடியவில்லை. தூரத்தில் உட்கார்ந்து 'வரலாற்றைக் காப்பாற்றுங்கள்' என்று சொல்வது சுலபம். அந்தப் பெட்டியைத் தினமும் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரன் பட்டியலில் பெயர் கொடுத்தானா என்று கேட்காமலேயே வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு அது அருங்காட்சியகப் பொருள் இல்லை. ஆனாலும் இடித்திருக்கக்கூடாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். இட்டிங்கின் மக்கள் இல்லம் இன்றைக்குப் புதுப்பிக்கப்பட்டுத் திரும்பவும் ஓட்டலாக நிற்கிறது. கட்டடக்கலை ரசிகர்கள் தேடி வருகிறார்கள். அழகான கட்டடத்தைக் காப்பாற்ற எப்போதும் ஆள் கிடைக்கும். பயத்துக்கென்று அளந்து கட்டியதை யார் காப்பாற்றுவார்கள்? ஆனால் ஒரு அறை ஒரு மனுஷனை எப்படிச் சின்னதாக்கும் என்பதைப் புத்தகம் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது. உள்ளே போய் நிற்கணும். இனிமேல் நிற்க முடியாது.

மிஞ்சியது 1885இல் தொடங்கிய பழைய ஸ்டேஷன். அதில் 2010லிருந்து எல்லை ரயில்நிலைய அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியே பிளாட்பாரத்தில் ஸால்ஃபெல்டுக்கும் பவேரியாவுக்கும் போகிற பிராந்திய ரயில்கள் வந்து நிற்கின்றன. ஓரிரு நிமிஷம். கதவு மூடுகிறது, அதே டிரைவர், அதே கம்பி, லுட்விக்ஸ்டாட்டை நோக்கி ஏற ஆரம்பிக்கிறது.